ஒரே கச்சேரியை இருமுறை செய்யாதவர்கள்: பேர்ல் ஜாம் குழுவின் 35 ஆண்டு மேடை வாழ்க்கை

ஜூன் 21ஆம் தேதி புதுச்சேரியில் நடக்கும் பிரெஞ்சு இசை நாளுக்குப் பல ஆண்டுகளாகப் போய்வருகிறவர்களுக்கு, அங்கே மேடையேறும் இளைஞர் ராக் குழுக்களின் பெயர்கள் எவ்வளவு விரைவில் மாறிவிடுகின்றன என்பது தெரிந்திருக்கும். பிரான்சில் 1982இல் அன்றைய பண்பாட்டு அமைச்சர் ஜாக் லாங் தொடங்கிவைத்த அந்த விழா, நம் ஊரின் பிரெஞ்சுத் தொடர்பால் இங்கேயும் நிலைத்துவிட்டது. ஆனால் அதில் வாசிக்கும் குழுக்கள் நிலைப்பதில்லை. படிப்பு முடிந்ததும் டிரம்ஸ் வாசிப்பவர் பெங்களூருக்கும் பாடுபவர் சென்னைக்கும் வேலை தேடிப் போகிறார்கள். ஊரிலேயே தங்கிவிடுகிறவர்களுக்கு வார இறுதிகளில் உணவகங்களில் வாசிக்கும் வாய்ப்புக் கிடைக்கிறது என்றாலும், அங்கே சுற்றுலா வந்தவர்கள் கேட்பது பெரும்பாலும் வேறு குழுக்களின் புகழ்பெற்ற பாடல்களைத்தான். சொந்தப் பாடல்களோடு ஒரு குழு பத்தாண்டுகள் தாக்குப்பிடிப்பதே அரிதாக இருக்கும் நிலையில், அமெரிக்காவின் சியாட்டில் நகரில் 1990இல் உருவான பேர்ல் ஜாம் 35 ஆண்டுகளாக மேடையை விட்டு இறங்காமல் இருந்தது எப்படி என்ற கேள்வி, இங்குள்ள இசைக்காரர்களுக்கும் கேட்பவர்களுக்கும் நெருக்கமான ஒன்று.

அந்தக் குழு ஒரு சாவிலிருந்து தொடங்கியது. ஸ்டோன் கோசார்ட் என்ற கிதார் கலைஞரும் ஜெஃப் ஏமென்ட் என்ற பேஸ் கிதார் கலைஞரும் மதர் லவ் போன் என்ற குழுவில் இருந்தார்கள். அதன் முதல் முழு ஆல்பம் வெளிவர இருந்த வேளையில், 1990 மார்ச் 19 அன்று, பாடகர் ஆண்ட்ரூ வுட் ஹெராயின் போதைப்பொருளை அளவுமீறி எடுத்துக்கொண்டதால் இறந்தார். எஞ்சிய இருவரும் மைக் மெக்கிரீடி என்ற இன்னொரு கிதார் கலைஞரைச் சேர்த்துக்கொண்டு, பாட்டில்லாத வாத்திய இசையாகச் சில மெட்டுகளை ஒரு கேசட்டில் பதிவு செய்தார்கள். ஜாக் அயர்ன்ஸ் என்ற டிரம்ஸ் கலைஞர் வழியாக அந்தக் கேசட், சான் டியாகோவில் ஒரு பெட்ரோல் பங்கில் இரவுப் பணி செய்துகொண்டிருந்த எடி வெடருக்குப் போய்ச் சேர்ந்தது. அவர் அந்த மெட்டுகளுக்குத் தம் வாழ்க்கையிலிருந்தே சொற்களை எழுதி, பாடிப் பதிவுசெய்து திருப்பி அனுப்பினார். அக்டோபரில் அவர் சியாட்டில் வந்து சேர்ந்தார். சில நாள் ஒத்திகையிலேயே, அக்டோபர் 22 அன்று, ஆஃப் ராம்ப் கஃபே என்ற சிறிய அரங்கில் முதல் கச்சேரி நடந்துவிட்டது. அப்போது குழுவுக்கு மூக்கி பிளேலாக் என்ற கூடைப்பந்து வீரரின் பெயரையே வைத்திருந்தார்கள். பிறகு பெயர் மாறினாலும், அந்த வீரரின் சட்டை எண் முதல் ஆல்பத்தின் தலைப்பாக நின்றது.

'டென்' என்ற அந்த ஆல்பம் 1991 ஆகஸ்ட் 27இல் வெளிவந்தபோது பெரிய பரபரப்பு எதுவும் இல்லை. மெல்ல மெல்லத்தான் அது ஏறியது. 1992இல் அமெரிக்க விற்பனைப் பட்டியலின் இரண்டாம் இடத்தைத் தொட்டது. அந்நாட்டில் மட்டும் அதன் விற்பனை ஒரு கோடியே முப்பது லட்சம் என்ற அளவுக்குச் சான்று பெற்றது. இந்தக் குழு சேர்ந்த ஆல்டர்நேட்டிவ் ராக் என்பது 1980களில் கல்லூரி வானொலிகளையும் சிறு இசைத்தட்டு நிறுவனங்களையும் நம்பி வளர்ந்த இசை. பெரிய நிறுவனங்களின் பளபளப்புக்கு வெளியே நிற்பதே அதன் பெருமையாக இருந்தது. அந்த இசை திடீரென்று கோடிக்கணக்கில் விற்கத் தொடங்கியதும், வெளியே நிற்பதாகச் சொல்லிக்கொண்டு உள்ளே உட்கார முடியுமா என்ற சங்கடம் அந்தத் தலைமுறைக் குழுக்கள் எல்லாவற்றையும் பிடித்துக்கொண்டது. பேர்ல் ஜாமுக்கு அது இன்னும் கூடுதல். 1970களின் பெரிய அரங்க ராக் இசையின் சாயல் அதன் கிதார்களில் வெளிப்படையாகவே இருந்ததால், நிர்வாணா குழுவின் பாடகர் கர்ட் கோபேன் உட்படப் பலர் அதை வணிகக் குழு என்று பொதுவெளியிலேயே குறைசொன்னார்கள்.

இந்தச் சங்கடத்துக்குக் குழு கண்ட விடை, புகழ் வரும் வாசல்களைத் தானே ஒவ்வொன்றாக அடைப்பது. 1993இல் எம்டிவி வழங்கிய காணொளி விருதுகளில் நான்கை ஒரே இரவில் வென்ற குழு, அதன்பின் ஐந்தாண்டுகள் எந்தப் பாட்டுக்கும் காணொளி எடுக்கவில்லை. 1998இல் வந்த அடுத்த காணொளியும் அனிமேஷன் வடிவில்தான் இருந்தது. அக்காலத்தில் எம்டிவியில் காணொளி ஓடாத பாட்டு பாதி நாட்டுக்குக் கேட்காத பாட்டு என்பதை நினைத்தால், இந்த மறுப்பின் கனம் புரியும். டைம் வார இதழ் பேட்டி கேட்டபோதும் வெடர் மறுத்தார். 1993 அக்டோபரில் அவர் படத்தையே அட்டையில் போட்டு அந்த இதழ் வெளிவந்தது. அதே மாதம் வந்த இரண்டாம் ஆல்பமான 'வெர்சஸ்', முதல் ஐந்து நாட்களில் ஏறத்தாழ ஒன்பதரை லட்சம் பிரதிகள் விற்று அன்றைய சாதனையாகியது. வாசல்களை அடைத்தும் கூட்டம் குறையவில்லை.

அடுத்து அடைத்த வாசல்தான் குழுவுக்கு மிகப் பெரிய இழப்பைக் கொண்டுவந்தது. 1994 கோடையில், ஒரு நுழைவுச்சீட்டு 18 டாலர், அதன்மேல் சேவைக் கட்டணம் 1.80 டாலருக்கு மிகாமல் என்று வைத்துக் கச்சேரிகள் நடத்த அவர்கள் விரும்பினார்கள். அமெரிக்காவின் பெரிய அரங்குகளில் பெரும்பாலானவை டிக்கெட்மாஸ்டர் என்ற விற்பனை நிறுவனத்தோடு தனியுரிமை ஒப்பந்தம் செய்திருந்தன; அந்த நிறுவனம் சேவைக் கட்டணத்தை அவ்வளவு குறைக்க ஒப்பவில்லை. போட்டியே இல்லாத சந்தை இது என்று குழு அமெரிக்க நீதித்துறையிடம் புகார் கொடுத்தது. 1994 ஜூன் 30 அன்று கோசார்டும் ஏமென்டும் நாடாளுமன்றக் குழு ஒன்றின் முன் சாட்சியம் அளித்தார்கள். பாட்டுக்காரர்கள் சேவைக் கட்டணத்தின் சில்லறையைப் பற்றி நாடாளுமன்றத்தில் வாதாடியதை அன்று சிலர் வேடிக்கையாகப் பார்த்தார்கள். எனக்கு அது ராக் இசை வரலாற்றின் மிகக் கௌரவமான நாட்களில் ஒன்றாகத் தெரிகிறது, ஏனென்றால் அந்தச் சில்லறை அவர்களுடைய பையிலிருந்து போகவில்லை, கேட்க வருகிற மாணவர்களின் பையிலிருந்து போனது.

நீதித்துறை 1995 ஜூலையில் எந்த நடவடிக்கையும் இல்லாமல் விசாரணையை முடித்துக்கொண்டது. டிக்கெட்மாஸ்டர் இல்லாத இடங்களில் மட்டுமே வாசிப்பது என்ற முடிவால், ஊருக்கு வெளியே கண்காட்சித் திடல்களிலும் பூங்காக்களிலும் மேடை, வேலி, காவல் எல்லாவற்றையும் புதிதாக ஏற்பாடு செய்ய வேண்டியிருந்தது. 1995 ஜூன் 24 அன்று சான் பிரான்சிஸ்கோவின் கோல்டன் கேட் பூங்காவில் உடல்நலம் குன்றிய வெடர் ஏழு பாடல்களோடு மேடையை விட்டு இறங்க, விருந்தினராக வந்திருந்த மூத்த ராக் பாடகர் நீல் யங் மீதிக் கச்சேரியைக் குழுவோடு சேர்ந்து நடத்திக்கொடுத்தார். 1998இல் குழு வேறு வழியின்றி டிக்கெட்மாஸ்டர் அரங்குகளுக்கே திரும்பியது. ஆனால் அந்தப் புகாரின் உள்ளடக்கம் பழையதாகிவிடவில்லை: 2010இல் டிக்கெட்மாஸ்டர், கச்சேரி நடத்தும் பெருநிறுவனமான லைவ் நேஷனோடு இணைந்தது, 2024 மே மாதம் அதே நீதித்துறை பல மாநிலங்களோடு சேர்ந்து அந்த இணைந்த நிறுவனத்தின்மேல் ஏகபோக வழக்குத் தொடர்ந்தது. 2024 செப்டம்பரில் கோல்ட்ப்ளேயின் மும்பைக் கச்சேரிகளுக்கான சீட்டுகள் வந்த வேகத்தில் தீர்ந்து, மறுவிற்பனைத் தளங்களில் பல மடங்கு விலைக்குக் கிடைத்ததைப் பார்த்த நம் இளைஞர்களுக்கு இந்தப் பிரச்சினையை அதிகம் விளக்க வேண்டியதில்லை.

அந்த ஆண்டுகள் வேறுவகையிலும் கடினமானவை. டிரம்ஸ் இருக்கையில் ஆட்கள் மாறிக்கொண்டே இருந்தார்கள். தொடக்கத்தில் கேசட்டைக் கைமாற்றிக்கொடுத்த ஜாக் அயர்ன்ஸே 1994இன் இறுதியில் அந்த இருக்கைக்கு வந்து 1998இல் விலகினார். 1996இன் 'நோ கோட்' ஆல்பத்திலிருந்து விற்பனை இறங்கத் தொடங்கியது. இடையே வெடர், பாகிஸ்தானின் கவாலிப் பாடகர் நுஸ்ரத் ஃபதே அலி கானோடு சேர்ந்து 1995இல் வெளிவந்த ஒரு ஹாலிவுட் படத்துக்காக இரண்டு பாடல்களைப் பாடினார். கவாலியின் ஏற்ற இறக்கத்துக்குப் பக்கத்தில் தன் கனத்த குரலை அடக்கி வைத்துக்கொண்டு அவர் பாடியிருக்கும் விதம், இந்தத் துணைக்கண்டத்து இசை கேட்டு வளர்ந்த எவரும் ஒருமுறையாவது கேட்க வேண்டியது. 1998இல் சவுண்ட்கார்டன் குழுவில் இருந்த மேட் கேமரன் டிரம்ஸுக்கு வந்த பிறகுதான் குழுவின் அடித்தளம் உறுதிப்பட்டது.

இறங்கிய விற்பனைக்கும் நிரம்பிய அரங்குகளுக்கும் இடையே அப்போது தொடங்கிய இடைவெளி பிறகு மூடவே இல்லை. புதிய ஆல்பங்களை வாங்கியவர்கள் குறைந்துகொண்டே போனார்கள், கச்சேரிக்கு வந்தவர்கள் குறையவில்லை. இதற்கு முதன்மையான காரணம், அவர்கள் ஒவ்வோர் இரவும் வாசிக்கும் பாடல் வரிசையை மாற்றுவதுதான் என்பது என் கருத்து. பெரிய ராக் குழுக்களில் பல, சுற்றுப்பயணம் முழுவதற்கும் ஒரே வரிசையை ஒத்திகை பார்த்து, ஒளியமைப்பையும் திரைக்காட்சிகளையும் அதற்கேற்பப் பூட்டிவிடுகின்றன. ஒரு நகரில் கேட்டதே மறுநாள் அடுத்த நகரிலும் கேட்கும். பேர்ல் ஜாமில் வெடர் கச்சேரி நாளன்று வரிசையை எழுதுகிறார். அந்த நகரில் முன்பு வந்தபோது எதை வாசித்தோம் என்ற பழைய பட்டியலைப் பார்த்து, எதைத் தவிர்க்கலாம், எதை நெடுநாளைக்குப் பிறகு எடுக்கலாம் என்று முடிவு செய்கிறார். பன்னிரண்டு ஆல்பங்களின் பாடல்கள், ஆல்பத்தில் சேராமல் தனியே வந்தவை, தி ஹூ குழு, நீல் யங் போன்றோரின் பாடல்கள் எல்லாம் சேர்ந்து அவர்களிடம் உள்ள கையிருப்பு மிகப் பெரியது. இரண்டரை மணி நேரத்துக்கு மேல் நீளும் கச்சேரியிலும் அதில் ஒரு சிறு பகுதிதான் செலவாகிறது.

மாசி மகத்தன்று வைத்திக்குப்பம் கடற்கரைக்குச் சாமிகளோடு வரும் நாகஸ்வரக்காரரை நினைத்துக்கொள்ளலாம். மல்லாரி உண்டு, தீர்த்தவாரிக்கு உரிய முறை உண்டு. ஆனால் எந்த ராகத்தை எவ்வளவு நேரம் விரிப்பது என்பது அன்றைய கூட்டத்தையும் தவில்காரரின் கையையும் பார்த்து அந்த இடத்திலேயே முடிவாகிறது. ராக் இசையில் இத்தகைய சுதந்திரம் எளிதாக வருவதில்லை, ஏனென்றால் ஐந்தாறு பேரும் நூற்றுக்கணக்கான பாடல்களை எந்த நேரத்திலும் எடுக்கத் தயாராக இருக்க வேண்டும். ஒலிப்பதிவாளரும் விளக்குக்காரரும் அவர்களோடு சேர்ந்து தயாராக இருக்க வேண்டும். 2003 ஜூலையில் பாஸ்டனுக்கு அருகே மான்ஸ்ஃபீல்டில் மூன்று இரவுகள் வாசித்தபோது, ஏறக்குறைய எந்தப் பாட்டும் திரும்ப வராமல் தங்கள் இசைத்தொகுதியின் பெரும்பகுதியையே அவர்கள் வாசித்து முடித்தார்கள். ஒரு நாள் வந்தவர் அடுத்த நாளும் வருவதற்கு இதைவிட நல்ல காரணம் வேண்டியதில்லை.

ஒவ்வோர் இரவும் வேறு என்றால், ஒவ்வோர் இரவையும் பாதுகாக்க வேண்டும் என்ற எண்ணம் தானாக வரும். ரசிகர்கள் கச்சேரியைத் தாங்களே பதிவுசெய்து கைமாற்றிக்கொள்வதைக் குழு ஏற்கெனவே தடுக்கவில்லை. ஆனால் மோசமான ஒலியுள்ள திருட்டுப் பதிவுகள் கொள்ளை விலைக்கு விற்பதைக் கண்டு, 2000ஆம் ஆண்டுச் சுற்றுப்பயணத்தின் கச்சேரிகளை ஒலிப்பலகையிலிருந்து நேரடியாக எடுத்து, எளிய அட்டை உறையில், குறைந்த விலையில், தாங்களே 72 நேரலை ஆல்பங்களாக வெளியிட்டார்கள். வழுக்கிய சுரமும் பாதியில் மறந்த வரியும் அதில் அப்படியே இருந்தன. தன் குறைகளோடு கூடிய கச்சேரியை விலைக்குக் கொடுக்கலாம் என்ற அந்தத் துணிவு பின்னர் பல குழுக்களுக்கு வழக்கமாகிவிட்டது. புதுச்சேரியில் இன்று ஒரு குழு தன் கச்சேரியை ஒலிப்பலகையிலிருந்து எடுத்து இணையத்தில் போடுவதற்குப் பெரிய முதலீடு தேவையில்லை; இங்கே நடந்த நல்ல கச்சேரிகளில் பெரும்பாலானவை நடுங்கும் கைப்பேசிக் காணொளிகளாக மட்டுமே மிஞ்சியிருப்பது எனக்கு வருத்தமளிக்கிறது.

கேட்பவர்கள் இந்தக் குழுவின் பாடல்களுக்கு என்ன செய்தார்கள் என்பதற்கு 'அலைவ்' என்ற முதல் ஆல்பப் பாட்டு நல்ல சான்று. தன்னை வளர்த்தவர் உண்மையான தந்தை அல்லர் என்பதையும், உண்மையான தந்தை இறந்துபோனதையும் ஓர் இளைஞன் அறிகிற கதை அது. வெடரின் சொந்தக் கதையின் சாயல் கொண்டது. தான் இன்னும் உயிரோடு இருப்பதாகப் பல்லவியில் அவன் சொல்வது எழுதியவர் மனத்தில் சாபமாகவே இருந்தது. ஆனால் ஆயிரக்கணக்கானோர் கைகளை உயர்த்தி அதை மகிழ்ச்சியோடு பாடத் தொடங்கிய பிறகு, அந்தச் சாபத்தைக் கூட்டம் நீக்கிவிட்டதாக 2006இல் ஒரு தொலைக்காட்சி நிகழ்ச்சியில் அவர் கூறினார். இசைத்தட்டில் உள்ள பாட்டும் மேடையில் உள்ள பாட்டும் ஒரே சொற்களோடு இரண்டு வேறு பாடல்களாகிவிட்டன. இரண்டாவது பாட்டு கச்சேரிகள் தொடர்ந்து நடந்திராவிட்டால் பிறந்தே இருக்காது.

கூட்டத்தை இவ்வளவு நம்பிய குழுவுக்கு மிகக் கொடிய அடி கூட்டத்திலிருந்தே வந்தது. 2000 ஜூன் 30 அன்று டென்மார்க்கின் ரொஸ்கில்ட இசைவிழாவில், அவர்கள் வாசித்துக்கொண்டிருந்தபோது மேடைக்கு முன்னால் ஏற்பட்ட நெரிசலில் ஒன்பது பேர் இறந்தார்கள். பின்னாலிருந்து வரும் தள்ளலில் முன்னே நிற்பவர்கள் மூச்சுவிட முடியாமல் விழுவதை, விளக்கொளியில் மேடையிலிருந்து பார்ப்பவர்கள் உடனே அறிவது கடினம். வெடர் இசையை நிறுத்திக் கூட்டத்தைப் பின்னுக்கு நகரும்படி வேண்டிய நேரத்தில் காலம் கடந்துவிட்டிருந்தது. குழுவைக் கலைத்துவிடலாமா என்றுகூட அவர்கள் யோசித்தார்கள். ஆகஸ்டில் அமெரிக்காவில் மீண்டும் வாசிக்கத் தொடங்கினாலும், ஐரோப்பாவின் திறந்தவெளி இசைவிழாக்களுக்கு 2006 வரை திரும்பவில்லை. 2002இல் வந்த 'ரயட் ஆக்ட்' ஆல்பத்தில் அந்த ஒன்பது பேரை நினைவுகூரும் வரி ஒன்று இருக்கிறது.

இதை விரிவாகச் சொல்வதற்குக் காரணம் உண்டு. 2023 செப்டம்பர் 10 அன்று, கிழக்குக் கடற்கரைச் சாலையில் பனையூரில் நடந்த ஏ.ஆர்.ரகுமான் நிகழ்ச்சியில், சீட்டு வைத்திருந்த பலர் உள்ளே போக முடியாமல் நெரிசலில் சிக்கித் தவித்தார்கள்; புதுச்சேரியிலிருந்து அதே சாலையில் கச்சேரிகளுக்குப் போகிறவர்கள் பலர். எத்தனை பேருக்கு இடம், எத்தனை வழிகள், முன்வரிசைக்கும் பின்வரிசைக்கும் நடுவே எத்தனை தடுப்புகள் என்பவை பாட்டைப் போலவே கச்சேரியின் பகுதிகள். ஒரு குழுவின் நீண்ட வாழ்க்கையைப் பேசும்போது ரொஸ்கில்டவை ஒரு வரியில் கடந்துபோவது நியாயமாகாது.

மற்ற காரணங்களைச் சுருக்கமாகச் சொல்லலாம். டென் கிளப் என்ற ரசிகர் சங்கத்தைக் குழுவே நடத்துகிறது. நெடுங்காலம் உறுப்பினராக இருப்பவர்களுக்கு நல்ல இருக்கைகளில் முன்னுரிமை தருவதால், தொடக்ககால ரசிகர்கள் ஐம்பது வயதிலும் முன்வரிசையில் நிற்கிறார்கள். 2018 ஆகஸ்டில் சொந்த ஊரான சியாட்டிலின் பேஸ்பால் மைதானத்தில் நடத்திய இரண்டு கச்சேரிகளை வீடற்றவர்களுக்கான நிதிதிரட்டலோடு இணைத்து, ஒரு கோடிப் பத்து லட்சம் டாலருக்கு மேல் சேர்த்தார்கள். தங்கள் பயணங்களால் வெளியாகும் கரிமத்தைக் கணக்கிட்டு, காடு காக்கும் பணிகளுக்குப் பணம் கொடுத்துவருகிறார்கள். 2017இல் தகுதி பெற்ற முதல் ஆண்டிலேயே ராக் அண்ட் ரோல் புகழ் மண்டபத்தில் இடம்பெற்றார்கள். மேடை வாழ்க்கைக்கு அந்த மண்டபத்தால் கூடியதோ குறைந்ததோ ஒன்றுமில்லை.

அவர்கள்மேல் சொல்லத்தக்க குறை, சீட்டு விலை. 18 டாலருக்காகப் போராடிய குழுவின் இன்றைய விலை அதைப்போலப் பல மடங்கு. முப்பது ஆண்டு விலைவாசியைக் கழித்துப் பார்த்தாலும் அது அதிகம்தான். சட்டம் இடம்தரும் மாநிலங்களில் வாங்கிய விலைக்கு மேல் மறுவிற்பனை செய்ய முடியாதபடி அவர்கள் கட்டுப்படுத்துவது உண்மை. என்றாலும் 1994இன் மாணவன் இன்று மாணவனாக இருந்தால் வாசலிலேயே நிற்க வேண்டியிருக்கும் என்பதும் உண்மை. குழுவின்மேல் எனக்குள்ள மதிப்பு இதைச் சொல்லத் தடையில்லை.

2024 ஏப்ரலில் வந்த 'டார்க் மேட்டர்' அவர்களுடைய பன்னிரண்டாம் ஆல்பம். அதையொட்டிய சுற்றுப்பயணம் 2025 மே மாதம் பிட்ஸ்பர்கில் முடிந்தது. அதே ஆண்டு ஜூலையில், 27 ஆண்டுகள் டிரம்ஸ் வாசித்த மேட் கேமரன் விலகுவதாக அறிவித்தார். வெடர், கோசார்ட், ஏமென்ட், மெக்கிரீடி நால்வரும் 1990 முதல் பிரியாமல் இருக்கிறார்கள். எல்லோரும் அறுபது வயதை ஒட்டியவர்கள். ஒரே பாடல் வரிசையோடு ஊர் ஊராகப் போகும் குழுவாக இருந்தால், புதிதாக வரும் டிரம்ஸ் கலைஞர் இருபது பாடல்களைப் பழகிக்கொண்டு மேடையேறிவிடலாம். இந்தக் குழுவில் வருகிறவருக்கு அது போதாது; முப்பது ஆண்டுகளுக்கு முன்பு ஏதோ ஓர் இசைத்தட்டின் மறுபக்கப் பாட்டாக வெளிவந்து, பத்தாண்டுகளில் ஒருமுறை மட்டும் வாசிக்கப்பட்ட பாட்டின் பெயரையும் வெடர் அன்று மாலை பட்டியலில் எழுதக்கூடும், அதையும் அவர் அன்றிரவே வாசித்தாக வேண்டும்.